ஊராட்சிக் குடிநீர்க் கணக்குக்குக் கோபோடூல்பாக்ஸ்: கடைமடையிலிருந்து ஒரு மதிப்பீடு

சிறிய ஊராட்சியின் குடிநீர்க் கணக்கை வைத்துக்கொள்ள மென்பொருள் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து எதையும் வாங்கத் தேவையில்லை. கோபோடூல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள், சாதாரண ஆண்ட்ராய்டு போன் ஒன்று, மாதக் கடைசியில் கூட்டிக் கழிக்க எக்செல் மாதிரியான இலவச மென்பொருள் லிப்ரே ஆபீஸ் கால்க், இவ்வளவு போதும். எங்கள் ஊராட்சியில் இவற்றை வைத்துத்தான் குடிநீர் வேலை நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. டேங்க் ஆபரேட்டருக்குப் பயன்படும்படி படிவத்தை அமைக்க வேண்டும். அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்புவதற்கென்று அமைத்தால் எந்த மென்பொருளும் பத்து நாள் தாண்டாது.

நான் நாகப்பட்டினம் மாவட்டம் தலைஞாயிறு பக்கத்தில் ஒரு கிராமத்தில் கணினி மையம் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், சிட்டா எடுத்துக் கொடுப்பது, ஆன்லைன் விண்ணப்பம் என்று அன்றாடம் ஓடும் கடை. ஊரின் குடிநீர்க் குழுவிலும் இருக்கிறேன். அதனால் ஊராட்சியில் கணினி சம்பந்தமாக எது வந்தாலும் என்னிடம்தான் வரும்.

காவிரி பாயும் மாவட்டத்தில் குடிதண்ணீருக்கு என்ன பிரச்சினை என்று வெளியூரிலிருந்து பெண் எடுத்தவர்கள் எல்லாம் கேட்பார்கள். எங்கள் ஊர் அரிச்சந்திரா நதியின் கடைமடை, அதாவது ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் இடம். மேட்டூரை ஜூன் 12-ஆம் தேதி திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துசேர நாள் பிடிக்கும். கடல் பக்கம் என்பதால் நிலத்தடி நீர் இடத்துக்கு இடம் மாறும். கோயில் குளத்துக்கு அருகில் போட்ட போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) குடிக்கும்படியான தண்ணீர் வரும், கூப்பிடு தூரத்தில் இன்னொரு போரில் உப்புக் கரிக்கும். கோடையில் நல்ல போரும் கரிக்க ஆரம்பிக்கும். இதனால்தான் கொள்ளிடம் ஆற்றிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை இந்தப் பகுதி நம்பியிருக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கள் சம்ப்புக்கு, அதாவது தரைக்கு அடியில் இருக்கும் தொட்டிக்கு, வந்து விழும். அங்கிருந்து மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். போதாத நாட்களில் போர் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வேலையைச் செய்பவர் ஒருவர்தான், எங்கள் டேங்க் ஆபரேட்டர். ஊர் முறையில் எனக்கு மாமா. எந்த வால்வை எத்தனை சுற்றுத் திறந்தால் எந்தத் தெருவுக்கு ஏறும், எந்த மோட்டார் எப்போது சூடாகும், எந்த இடத்தில் பைப் அடிக்கடி விரியும் என்பதெல்லாம் அவர் தலையில்தான் இருக்கிறது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் கீழத்தெருவுக்குத் தண்ணீர் வராது. அந்த அறிவை ஊரின் சொத்தாக எழுதி வைப்பதுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. மென்பொருள் தேடியது இதற்காகத்தான்.

முதலில் ஒரு நிறுவனத்திலிருந்து ஆள் வந்து காட்டினார். பெயர் வேண்டாம். திரையெல்லாம் ஆங்கிலம். எப்போதும் இணையம் இருக்க வேண்டும். ஆண்டுக் கட்டணம் நாங்கள் வருடத்துக்கு வாங்கும் பிளீச்சிங் பவுடர் செலவைத் தாண்டியது. அதில் முக்கால் பங்கு வேலை வீட்டுக்கு வீடு ரசீது போடுவது. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் இரண்டுக்கும் அரசின் ஊராட்சி வரி இணையதளம் ஏற்கெனவே இருக்கிறது. அங்கேயே கட்டி ரசீது எடுத்துக்கொள்ளலாம், என் கடையிலேயே தினமும் எடுத்துக் கொடுக்கிறேன். வசூலுக்கு இன்னொரு மென்பொருள் எதற்கு? “அடுத்த வருஷம் பணம் கட்டலைன்னா எங்க கணக்கு எங்களுக்கு எப்படிக் கிடைக்கும்?” என்று கேட்டேன். அறிக்கையாக அச்சடித்துத் தருவோம் என்றார். அச்சடித்த தாளை வைத்து என்ன செய்ய முடியும், மறுபடியும் தட்டச்சு செய்ய வேண்டியதுதான். எந்த மென்பொருளை வாங்கினாலும் இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள். உங்கள் பதிவுகள் அனைத்தையும் எக்செல் கோப்பாக, எந்த நேரத்திலும், யாரையும் கேட்காமல் இறக்கிக்கொள்ள முடியாது என்றால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

சரி, கோபோவுக்கு வருகிறேன்.

இது குடிநீருக்கென்று செய்யப்பட்டதல்ல. பேரிடர், நிவாரணம், கள ஆய்வு போன்ற வேலைகளில் தகவல் திரட்டுவதற்காக ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மனிதநேயப் பணிகளுக்கான மையத்தில் உருவானது. இப்போது லாப நோக்கமில்லாத அமைப்பு ஒன்று நடத்துகிறது. மூலநிரல் திறந்தது. ஓடிகே என்ற இன்னொரு திறந்த மென்பொருளின் மேல் கட்டப்பட்டது. இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, நமக்கு வேண்டிய கேள்விகளை நாமே படிவமாக அமைக்கலாம். அந்தப் படிவத்தைக் கோபோகலெக்ட் என்ற போன் செயலியில் இறக்கிக்கொண்டால், அதன்பிறகு நிரப்புவதற்கு இணையம் தேவையில்லை. பதிவுகள் போனிலேயே தங்கும். சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் அனுப்பிவிடும். தானாக அனுப்பும்படி அமைப்பில் ஒருமுறை மாற்றி வைத்துவிட்டால் ஆபரேட்டர் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

எங்கள் சம்ப்பு இருக்கும் இடத்தில் சிக்னல் கிடையாது. அதனால் இணையம் இல்லாமல் வேலை செய்யாத எதையும் நான் பார்க்கவே இல்லை. கூகுள் ஃபார்ம் எளிமையானதுதான், ஆனால் இணையம் இல்லாமல் அதை நிரப்ப முடியாது. எக்செல் தாளைப் போனில் திறந்து கொடுக்கலாமே என்று ஊராட்சி கிளர்க் சொன்னார். சின்னச் சின்னக் கட்டங்களில், ஈரக் கையோடு, வெயிலில் நின்று எண் தட்டுவது நடக்கிற காரியமல்ல. விரல் பட்டால் மேல் வரிசை அழிந்துபோகும். கோபோவில் ஒரு திரைக்கு ஒரு கேள்வி. பெரிய எழுத்து. பதில் தட்டிவிட்டு விரலால் திரையை ஒதுக்கினால் அடுத்தது வரும்.

கேள்வி, விடை எல்லாவற்றையும் தமிழில் எழுதலாம். விடைப் பட்டியலில் நாங்கள் ‘வால்வு எண் 4’ என்று எழுதவில்லை, ‘பிள்ளையார் கோயில் வால்வு’, ‘பள்ளிக்கூடத்து வால்வு’, ‘மேலத்தெரு கடைசி’ என்றே எழுதினோம். எண் என் கணக்குக்குப் பின்னால் இருக்கும், ஆபரேட்டர் கண்ணில் பட வேண்டியதில்லை. படிவத்தைத் தளத்திலேயே ஒவ்வொரு கேள்வியாகச் சேர்த்தும் செய்யலாம், எக்செல் தாளில் எழுதி ஏற்றியும் செய்யலாம். எக்செல் வழியைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஒரு தாளில் கேள்விகள், இன்னொரு தாளில் விடைப் பட்டியல், அவ்வளவுதான். பக்கத்து ஊராட்சி கேட்டால் கோப்பை அப்படியே கொடுக்கலாம், அவர்கள் வால்வு பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

தினசரிப் படிவம் மிகவும் சின்னது. எந்த மோட்டார், எப்போது போட்டது, எப்போது நிறுத்தியது, போட்டபோது வோல்டேஜ் எவ்வளவு, தொட்டி எந்த அளவு நிறைந்தது, பிளீச்சிங் பவுடர் எத்தனை கிராம், எந்தெந்தத் தெருவுக்குத் திறந்தது. மோட்டார் ஓடவில்லை என்று தட்டினால் மட்டும் ‘ஏன்’ என்ற கேள்வி திறக்கும்: கரண்ட் இல்லை, சம்ப்புக்குத் தண்ணீர் வரவில்லை, ஸ்டார்ட்டர் பழுது, மோட்டாரின் காயில் (உள்சுருள்) எரிந்தது. ஓடினால் அந்தக் கேள்வி கண்ணிலேயே படாது. தவறான எண் தட்டினால் தடுக்கவும் முடியும். நிறுத்திய நேரம் போட்ட நேரத்துக்கு முன்னால் இருந்தால் அடுத்த திரைக்குப் போகாது, நான் தமிழில் எழுதி வைத்த எச்சரிக்கை வரும்.

பிளீச்சிங் பவுடர் கேள்விதான் இதில் எனக்குப் பிடித்தது. தொட்டியின் கொள்ளளவு படிவத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 30,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் சேர்க்க வேண்டுமென்றால் 60 கிராம் குளோரின். நல்ல பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின், ஆக ஏறக்குறைய 180 கிராம் பவுடர். தொட்டி பாதி நிறைந்திருந்தால் அதில் பாதி. இந்தக் கணக்கைப் படிவமே போட்டு, ‘இன்று இத்தனை கிராம் போடவும்’ என்று திரையில் காட்டும். முன்பெல்லாம் கை அளவுதான். சில நாள் தண்ணீர் வாயில் வைக்க முடியாத அளவு நாறும், சில நாள் ஒன்றுமே இருக்காது. எங்கள் பக்கத்து ஈரக்காற்றில் பவுடர் மூட்டை சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். அதனால் கடைசி வீட்டுக் குழாயில் மிச்சக் குளோரின் எவ்வளவு என்று சோதித்து அதையும் பதிகிறோம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சக் குளோரின் இருக்க வேண்டும் என்கிறது. கடைசி வீட்டில் அது குறைய ஆரம்பித்தால் மூட்டை பழசாகிவிட்டது, அல்லது வழியில் எங்கோ பைப்புக்குள் சாக்கடைத் தண்ணீர் இறங்குகிறது. இரண்டில் எதுவென்று அந்த வாரமே பார்த்துவிட முடிகிறது.

மோட்டார் நேரத்தைப் பதிவது வெறும் வருகைப் பதிவு மாதிரி தோன்றும். அப்படியில்லை. எங்கள் இணைப்பில் தண்ணீரை அளக்கும் பெரிய மீட்டர் இல்லாத காலத்திலும் அதிலிருந்து நிறையத் தெரிந்துகொள்ளலாம். 30,000 லிட்டர் தொட்டி 2 மணி நேரத்தில் நிறைகிறது என்றால் மோட்டார் மணிக்கு 15,000 லிட்டர் ஏற்றுகிறது. அதே தொட்டிக்கு 2 மணி 40 நிமிடம் ஆக ஆரம்பித்தால் மணிக்கு 11,250 லிட்டர்தான். இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) தேய்ந்திருக்கலாம், போரில் நீர்மட்டம் இறங்கியிருக்கலாம், உள்ளே இறக்கிய குழாயில் ஓட்டை விழுந்திருக்கலாம். காயில் எரிந்து மோட்டாரைத் தூக்கும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே ஆளைக் கூப்பிடலாம். கரண்ட் பில்லும் சும்மா ஏறாது. லிப்ரே ஆபீஸில் வாரத்துக்கு ஒரு சராசரி எடுத்துக் கோடு போட்டால் சரிவு தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் கொடுக்கும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டபோது ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்தார்கள். 120 வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் 26,400 லிட்டர். 30,000 லிட்டர் தொட்டியைத் தினம் ஒருமுறை நிறைத்தால் கணக்குப்படி எல்லோருக்கும் போதும். ஆனால் கீழத்தெருவில் குடம் நிறையவில்லை. தொட்டி நிறைகிறது, பவுடர் சரி, கரண்ட் சரி. அப்படியானால் தண்ணீர் வழியில் போகிறது. கணக்கு இருந்ததால்தான் இதைச் சண்டை இல்லாமல் பேச முடிந்தது. மேலத்தெருக்காரர்கள் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்பது நெடுநாள் குற்றச்சாட்டு. வால்வு நேரத்தையும் தெருக்கோடிக் குழாயில் ஒரு குடம் நிறைய ஆகும் நேரத்தையும் ஒரு வாரம் சேர்த்துப் பார்த்தோம். மேலத்தெரு வால்வு மூடியிருந்த நேரத்திலும் கீழத்தெருக் குடம் மெதுவாகத்தான் நிறைந்தது. வாய்க்கால் பாலத்துக்கு அடியில் ஜாயிண்ட் விட்டுப்போயிருந்தது. தண்ணீர் வாய்க்காலில் கலந்ததால் வெளியே தெரியவில்லை.

அடுத்தது சொத்துப் பதிவேடு, அதாவது ஊராட்சியின் மோட்டார், தொட்டி, வால்வு எல்லாவற்றின் பட்டியல். இதை நினைத்தாலே எனக்குக் கஜா புயல் ஞாபகம் வந்துவிடும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து எங்கள் பகுதி நெடுநாள் இருட்டில் கிடந்தது. ஜெனரேட்டர் வாடகைக்குப் பிடித்துத் தொட்டிக்கு ஏற்றினால்தான் தண்ணீர். எந்தத் தொட்டிக்கு எத்தனை எச்.பி. மோட்டார், ஒரு ஃபேஸா மூன்று ஃபேஸா, எத்தனை கே.வி.ஏ. ஜெனரேட்டர் தாங்கும் என்பது எங்கும் ஒரே இடத்தில் எழுதியிருக்கவில்லை. ஜெனரேட்டர் ஊருக்குள் வந்த பிறகு ஒவ்வொரு மோட்டார் கொட்டகையாகத் தகரத்தைத் தூக்கிவிட்டு உள்ளே போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. இன்று அந்தத் தகவல் ஒவ்வொரு மோட்டாருக்கும், பெயர்ப் பலகையின் போட்டோவோடு, என் கணினியிலும் கிளர்க் போனிலும் இருக்கிறது. ஒரு தாளில் அச்சடித்து ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்டியிருக்கிறோம். கரண்ட் போனால் கணினியும் போய்விடும், சுவரில் இருப்பது போகாது.

இதே படிவத்தில்தான் வால்வுகளையும் பதிந்தோம். வால்வு மேல் நின்று ஜி.பி.எஸ். பொத்தானை அழுத்தினால் போதும். துல்லியம் 5 மீட்டருக்குள் வந்ததும் செயலி தானே இடத்தைப் பதிந்துகொள்ளும். தென்னந்தோப்புக்கு அடியில் கொஞ்சம் நேரம் எடுக்கும், வெட்டவெளியில் உடனே வரும். 5 மீட்டர் என்பது சாலையின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்லப் போதாது. அதனால் இடத்தோடு ஒரு போட்டோவும், ‘டீக்கடைத் தூணிலிருந்து மூன்று அடி’ என்ற மாதிரி ஒரு குறிப்பும் கட்டாயம் சேருங்கள். சாலை போட வரும்போதெல்லாம் வால்வுக் குழியை மூடிவிட்டுப் போவார்கள். அப்புறம் கடப்பாரையோடு தேடுவது வழக்கம். இனி வரைபடத்தைத் திறந்தால் போதும். தளத்திலேயே வரைபடமாகப் பார்க்கலாம், கேஎம்எல் என்ற வரைபடக் கோப்பாக இறக்கிக் கூகுள் எர்த்திலும் போட்டுப் பார்க்கலாம்.

மாமாவுக்குத் தட்டச்சு பிடிக்காது. ஒருநாள் வால்வு ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டிருந்தபோது, “பாப்பா, இந்த வால்வ முழுசாத் தொறந்தா அந்தப் பக்கம் ஏறாது. ஆறு சுத்துதான். அத எங்க எழுதுறது?” என்று கேட்டார். அன்று இரவே படிவத்தில் ஒரு குரல் பதிவுக் கேள்வி சேர்த்தேன். கோபோவில் அது சாதாரணமாகவே இருக்கும் வசதி. ஒவ்வொரு வால்வுக்கும் அவர் பேசியிருக்கிறார்: எத்தனை சுற்று, எது இறுக்கம், எதன் கிளாண்டு (தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு) கசியும், எந்த வால்வைத் திறக்குமுன் எதை மூட வேண்டும். நான் உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்தேன். அவர் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது வேறொரு பையன் அந்தக் குறிப்பைப் பார்த்துத் தண்ணீர் விட்டான். எல்லாத் தெருவுக்கும் ஏறியது. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த மென்பொருளை மற்ற ஊர்களுக்கும் சிபாரிசு செய்வேன். நல்ல ஆபரேட்டருக்கு வயதாகிக்கொண்டிருக்கும் ஊராட்சிகள் முதலில் இதைச் செய்யுங்கள், மற்ற படிவங்கள் பிறகு.

நீர்த்தரப் படிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாதம் ஒருமுறை ஒவ்வொரு போரிலும் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். பேனாவால் அளந்து போட்டோவோடு பதிகிறோம். தரநிலைப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை. சித்திரையில் ஏறும், மழை பெய்து குளம் நிறைந்த பிறகு இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் ஊரில் எல்லோருக்கும் நாக்கில் தெரியும். எண்ணாகக் கையில் இருந்தால் எந்த மாதத்தில் எந்தப் போரை நிறுத்திவிட்டுக் கொள்ளிடத்துத் தண்ணீரை மட்டும் கொடுப்பது என்று தீர்மானிக்க முடிகிறது. ஆய்வகச் சோதனைக்கு இது மாற்றல்ல. கிருமி இருக்கிறதா என்று பேனா சொல்லாது, அதற்கு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பத்தான் வேண்டும். வந்த அறிக்கையைப் போட்டோ எடுத்து அதே படிவத்தில் இணைத்துவிடுகிறோம்.

குறைகளையும் சொல்ல வேண்டும்.

இது கணக்குப் புத்தகம் அல்ல. நேற்றைய மீட்டர் அளவை இன்றைய படிவத்துக்குள் தானாகக் கொண்டுவர வழி உண்டு, ஆனால் போன் இணையத்தில் இணைந்தால்தான் அது புதுப்பிக்கப்படும். சிக்னல் இல்லாத ஊரில் அதை நம்ப முடியாது. எங்கள் ஆபரேட்டர் மீட்டரைப் பார்த்து எழுதுவதோடு சரி, கழித்துப் பார்ப்பதை நான் லிப்ரே ஆபீஸில் செய்கிறேன். குளோரின் குறைந்தால் தலைவர் போனுக்குத் தானாகக் குறுஞ்செய்தி போகுமா என்று கேட்டார்கள். அந்த வசதியை இதிலிருந்து நேராக எதிர்பார்க்காதீர்கள். பதிவுகளைத் தினமும் ஒருவர் திறந்து பார்க்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று தீர்மானிக்காமல் ஆரம்பிக்கக் கூடாது.

இலவசக் கணக்கில் மாதத்துக்கு இத்தனை பதிவுகள், போட்டோவுக்கு இவ்வளவு இடம் என்று வரம்பு உண்டு, அதை அவ்வப்போது மாற்றவும் செய்கிறார்கள். தொடங்குமுன் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஊராட்சியின் தினசரிப் பதிவுகள் அந்த வரம்பைத் தொடாது. போட்டோவும் குரலும்தான் இடத்தைத் தின்னும். போட்டோவின் அளவைப் படிவத்திலேயே குறைத்து வைக்கலாம், வைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி ஒரு பென் டிரைவில் வைப்பதும் நல்லது.

கோபோகலெக்ட் ஆண்ட்ராய்டு போனில் மட்டும்தான் ஓடும். ஐபோன் வைத்திருப்பவர்கள் இணையப் பக்கமாகத் திறந்து நிரப்பலாம். எங்கள் பக்கத்தில் இது பெரிய சிக்கல் இல்லை.

பதிவுகள் வெளிநாட்டில் இருக்கும் சேவையகத்தில் தங்கும். சொந்தச் சேவையகத்தில் நிறுவிக்கொள்ளவும் வழியுண்டு, ஆனால் அதெல்லாம் ஓர் ஊராட்சிக்கு ஆகிற வேலையல்ல. அதனால் ஆதார் எண், போன் எண், யார் வீட்டில் பாக்கி என்பதையெல்லாம் இதில் எழுதவே கூடாது. எங்கள் படிவங்களில் ஒரு வீட்டுக்காரர் பெயர்கூட இல்லை. தெரு, வால்வு, மோட்டார், தொட்டி, இவ்வளவுதான். குடிநீர் ஓட்டத்துக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

காகிதப் பதிவேட்டை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தணிக்கைக்கு வருபவர்கள் பதிவேட்டைத்தான் கேட்பார்கள். மாதக் கடைசியில் அச்சடித்து, கையெழுத்து வாங்கி, கோப்பில் சேர்த்துவிடுகிறோம்.

எம்வாட்டர் என்றொரு மென்பொருளும் இருக்கிறது. அதுவும் இலவசம், லாப நோக்கமில்லாதவர்கள் நடத்துவது, இணையம் இல்லாமலும் போனில் வேலை செய்யும். குடிநீருக்கென்றே செய்தது என்பதால் ஒவ்வொரு நீர்நிலையத்துக்கும் தனி அடையாள எண் கொடுத்து வரைபடத்தில் வைத்து, காலப்போக்கில் அதன் நிலையைத் தொடர்ந்து பார்க்கலாம். ஒன்றியம் முழுக்க, பல ஊர்களின் தொட்டிகளையும் போர்களையும் சேர்த்துப் பார்க்கிற தொண்டு நிறுவனம் என்றால் அதைத்தான் சொல்வேன். ஓர் ஊராட்சி, ஓர் ஆபரேட்டர் என்ற அளவுக்குக் கோபோ கைக்கு அடக்கமாக இருக்கிறது. இன்னொன்று, எபாநெட். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இலவசமாகக் கொடுப்பது. அது கணக்கு வைக்கிற மென்பொருள் இல்லை, குழாய் வலையில் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் வரும் என்று கணிக்கிற மென்பொருள். வால்வும் பைப்பும் எங்கே இருக்கின்றன, எத்தனை அங்குலம் என்ற பதிவு சரியாக இருந்தால் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளை வைத்து அதையும் செய்து பார்க்கலாம். பதிவு இல்லாமல் அதைத் திறப்பதில் அர்த்தமில்லை.

செலவு என்று பார்த்தால் போன், மாத ரீசார்ஜ், டி.டி.எஸ். பேனா, குளோரின் சோதனைக் குப்பி. போனுக்குத் தண்ணீர் படாத உறை ஒன்று வாங்கிக் கொடுங்கள், சம்ப்புக்குள் குனிந்து பார்க்கிறவர் சட்டைப்பையில் இருக்கப்போகிறது. ஆபரேட்டருடைய சொந்தப் போனில் இதை ஏற்றச் சொல்லாதீர்கள். ஊராட்சி வேலைக்கு ஊராட்சிதான் போன் கொடுக்க வேண்டும், ரீசார்ஜும் போட வேண்டும். சம்பளம் சொற்பம், வேலை அதிகாலையில் ஆரம்பிக்கிறது. அவர் பையிலிருந்து இதற்கும் காசு போகக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

இப்போது கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அன்று மோட்டார் ஓடிய நேரம், தெருவாரியாகத் தண்ணீர் விட்ட நாட்கள், கடைசி வீட்டுக் குளோரின் மூன்றையும் பெரிய தாளில் அச்சடித்துப் பந்தலில் தொங்கவிட்டோம். பெண்கள்தான் முதலில் வந்து படித்தார்கள். “எங்க தெருவுக்கு அந்த வாரம் நாலு நாள்தான் வந்துச்சு, நீங்க அஞ்சுன்னு போட்டிருக்கீங்க” என்று ஒரு அத்தை நேராகக் கேட்டார். பதிவைத் திறந்து பார்த்தோம். ஐந்தாம் நாள் வால்வு திறந்திருக்கிறது, பாதியில் கரண்ட் போயிருக்கிறது. அதற்குப் பிறகு படிவத்தில் ‘முழு நேரம் விட்டதா, பாதியில் நின்றதா’ என்ற கேள்வி சேர்ந்தது. சொன்னவர் பெயரில்தான் அந்தக் கேள்வியை நாங்கள் எங்களுக்குள் குறிப்பிடுகிறோம்.

ஆரம்பிக்க நினைப்பவர்கள் வால்வுப் பதிவிலிருந்து ஆரம்பியுங்கள். அதை ஆனி, ஆடியில் செய்துவிடுவது நல்லது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் சாலையோரக் குழியெல்லாம் நிரம்பிவிடும், வால்வு இருக்கும் இடமே தெரியாது. தினசரிப் படிவத்தை அதற்குப் பிறகு கொடுக்கலாம், அதுவும் முதலில் மோட்டார் நேரமும் பிளீச்சிங் பவுடரும் மட்டும். மற்ற கேள்விகளை ஆபரேட்டர் கேட்கும்போது சேர்த்தால் போதும்.